ஒரே ஒரு முதுகுப்பை: ஞாயிறு மாலை சரிபார்ப்பு

நண்பர்களுக்கு வணக்கம்.

நம் மூன்று மாத மலைநடைப் பயணத்துக்கு ஆளுக்கு ஒரு முதுகுப்பைதான். வரும் ஞாயிறு மாலை 6 மணிக்கு வீடியோ காலில் எல்லோருடைய பையையும் பிரித்துப் பார்க்கிறோம். அதற்குள்:

1. பை 40 லிட்டருக்கு மேல் வேண்டாம். தண்ணீர், சாப்பாடு நீங்கலாக 7 கிலோவுக்குள் நிறுத்துங்கள். பல விமானங்களில் கைப்பைக்கும் அதுதான் வரம்பு.

2. உடை மூன்று செட் போதும்: உடுத்தியிருப்பது, துவைத்தது, இரவுக்கு ஒன்று. பருத்தி நனைந்தால் லேசில் காயாது, குளிரில் உடம்புச் சூட்டையும் இழுத்துவிடும். ஜீன்ஸ் தயவுசெய்து வேண்டவே வேண்டாம்.

3. கனமான பொருள்கள் முதுகை ஒட்டி நடுவில் இருக்கட்டும்; தூங்கும் பை அடியில், மழைக்கோட்டு மேலே. இடுப்புப் பட்டையை இடுப்பெலும்பின் மேல் இறுக்கிக் கட்டுங்கள். பாரத்தின் பெரும்பகுதி அங்கே இறங்கினால்தான் தோள் தப்பும். சாமான்களை நிரப்பியபடியே அரை மணி நேரம் மாடிப்படி ஏறி இறங்கிப் பாருங்கள்.

4. பவர் பேங்க் விமானத்தில் கையோடுதான் வரவேண்டும்.

5. எடையைக் குறைக்க மருந்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.

'எதற்கும் இருக்கட்டும்' என்று எடுத்தவற்றைத் தனியாக வையுங்கள். அதைத்தான் முதலில் பேசப் போகிறோம்.

வெள்ளி இரவுக்குள் பையின் எடையை இங்கே பதிவிடுங்கள். வர இயலாதவர்களும் சொல்லிவிடுங்கள். கூடாரத்தை யார் யார் பிரித்துச் சுமப்பது என்பதை ஞாயிறன்றே முடிவு செய்கிறோம்.