ஆவணிக் கிணற்றைப் பார்த்துப் பூக்கன்று வாங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

2023 ஒக்டோபர் 1 முதல் பிளாஸ்ரிக் பூமாலைகளுக்கு நாட்டில் தடை உண்டு. கோயில்களும் மண்டபங்களும் ஹோட்டல்களும் நிறைந்த திருகோணமலையில் உண்மைப் பூவுக்கு இடம் இருக்கிறது. உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் வீட்டுக் காணியில் பூச்செய்கை தொடங்க நினைப்போர் கேட்கும் முதற் கேள்வி, “எந்தப் பூப் போடலாம்?” என்பதுதான். அதற்கு முன் கேட்க வேண்டியது கிணற்றைப் பற்றி. இது தெரியாமல் நிழல்வலைக்கும் கன்றுக்கும் காசைக் கொட்டிவிட்டுக் கைவிட்ட காணிகளைக் கண்டு மனம் பொறுக்காமலே இதை எழுதுகிறோம்.

கரையோர மணற்காணிகளில் நன்னீர் உவர்நீரின் மேல் மெல்லிய படையாக நிற்கிறது. மாரியில் அந்தப் படை தடிக்கும். கச்சான் எனும் வறண்ட தென்மேற்குக் காற்று தொடங்கி நாளாந்தம் இறைக்க இறைக்க அது மெலிந்து, கீழிருக்கும் உவர் மேலேறும். தை மாதத்தில் நல்ல தண்ணீர் தரும் கிணறு ஆவணியிலும் அப்படியே இருக்கும் என்று நம்பக் கூடாது. எனவே தண்ணீரை ஆவணியில் சோதியுங்கள், அதுவும் அரை மணி நேரம் இறைத்த பிறகு எடுத்த தண்ணீரை. நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன், ஒரு மீற்றருக்கு 0.7 டெசிசீமன்ஸுக்குக் கீழே இருந்தால் பெரும்பாலான பயிர்களுக்குத் தடையில்லை. 0.7 முதல் 3 வரை பயிரைத் தெரிந்தெடுத்துத்தான் நடவேண்டும். 3 ஐத் தாண்டினால் பூந்தோட்டம் என்ற எண்ணத்தையே விடுவது நல்லது. ரோசாவும் ஜெர்பராவும் 1 ஐ நெருங்கும்போதே இலை விளிம்பு கருகித் தண்டு குறுகும். ஓர்கிட்டுக்கு மழைநீர்தான் சரி. மேரிகோல்ட் என்ற பெரிய மஞ்சள் செவ்வந்தி ஓரளவு தாங்கும். எல்லாவற்றிலும் அதிகம் தாங்குவது அலரி. உவர்த்தன்மையுள்ள நீரை இலைமேல் தெளிக்காமல் வேரடியில் மட்டும் விடவேண்டும். தும்புத்தூளிலும் உப்பு இருக்கும் என்பதால் இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்த பிறகே பாத்தியில் கலக்க வேண்டும்.

அந்தூரியம் பற்றி ஒரு வார்த்தை. மலைநாட்டிலும் ஈரவலயத்திலும் அழகாக வருகிறது என்பதற்காக இங்கே நட வேண்டாம். அதற்கு 75 வீதம் வரை நிழலோடு எந்நேரமும் ஈரக்காற்றும் வேண்டும். கச்சான் அதைக் காயவைத்துவிடும். காற்றைத் தடுக்க மதில் கட்டுவதும் உதவாது. மதிலைத் தாண்டிய காற்று சுழன்று விழுந்து செடியை முறிக்கும். காற்று பாதி ஊடுருவும் உயிர்வேலியே சிறந்தது. தென்மேற்குப் பக்கம் அலரியை இரண்டு வரிசையாக நட்டால் வேலியும் ஆயிற்று, கோயிலுக்குப் பூவும் ஆயிற்று. அலரியின் எல்லாப் பாகமும் நஞ்சு. ஆடு மாடு எட்டாத உட்பக்கமாக நடவேண்டும்.

தண்ணீர் சரியென்றால் அடுத்தது நாட்காட்டி. நவராத்திரிக் கும்பங்களும் கோயில் விழாக்களும்தான் எங்கள் சந்தை. நவராத்திரி முதல் நாளிலிருந்து 100 நாள் பின்னோக்கி எண்ணுங்கள், அன்றுதான் செவ்வந்தி விதைப்பு. நாற்றுமேடையில் 4 கிழமை, நட்ட பின் ஏறக்குறைய 60 நாளில் முதற்பூ. முதற்பறிப்பு சிறிதாகவே இருக்கும் என்பதால் மிச்ச நாட்கள் தேவைப்படும். 5 பேர்ச் காணியில் நடைபாதை போக, 45 செ.மீ. வரிசை இடைவெளியும் 30 செ.மீ. கன்று இடைவெளியும் விட்டால் சுமார் 600 கன்று கொள்ளும். நட்ட மூன்றாம் நான்காம் கிழமையில் நடுக்குருத்தைக் கிள்ளிவிட வேண்டும். கிள்ளாவிட்டால் பக்கக் கிளைகள் குறைந்து, தண்டு உயர்ந்து, காற்றில் சாய்ந்து போகும். கச்சான் காலத்தில் இந்த 5 பேர்ச்சுக்கு நாளொன்றுக்கு 450 முதல் 500 லீற்றர் தண்ணீர் தேவை. பெரும் வெயிலில் வளர்ந்துதான் இந்தப் பயிர் நவராத்திரிக்குப் பூக்கிறது. கிணற்றை முதலில் பார்க்கச் சொன்னது அதனால்தான்.

அந்த வெயிலில்தான் செஞ்சிற்றுண்ணியும் வரும். இலையின் அடிப்பக்கம் நுண்ணிய வலையும், மேற்பக்கம் வெளிறிய புள்ளிகளும் கண்டால் அதுவே. பலர் உடனே கிடைத்த பூச்சிநாசினியை அடிக்கிறார்கள். சிற்றுண்ணி பூச்சி இனமல்ல. பூச்சிநாசினிகள் பலவும் அதைத் தின்னும் நன்மை செய்யும் உயிர்களைக் கொன்று, சிற்றுண்ணியைப் பெருக்கவே செய்யும். காலையில் இலையடியில் தண்ணீரைப் பலமாகப் பீய்ச்சிக் கழுவி, முட்டைகள் பொரித்துவரும் என்பதால் மூன்று நான்கு நாளுக்கொரு முறை அதைத் திரும்பச் செய்யுங்கள். கந்தகம் தெளிப்பதென்றால் மாலையில் மட்டும். உச்சி வெயிலில் தெளித்தால் இலை வெந்துவிடும்.

மாரியில் திறந்தவெளிச் செவ்வந்தியை நம்ப வேண்டாம். பூவுக்குள் மழைநீர் தேங்கி அழுகும். திருவெம்பாவைக்கும் பொங்கலுக்கும் அலரி, நந்தியாவட்டை போதும்.

ஹோட்டல்களுக்குத் தண்டோடு கொடுக்க விரும்புவோருக்கு ரியூப்ரோஸ் எனப்படும் நிலச்சம்பங்கி ஏற்றது. 2 முதல் 3 செ.மீ. விட்டமுள்ள கிழங்குகளை 5 செ.மீ. ஆழத்தில், 20 செ.மீ. இடைவெளியில், உயர்த்திய பாத்தியில் நடவேண்டும். தாழ்ந்த பாத்தியில் நட்டால் கார்த்திகை மழையில் கிழங்கு அழுகும். மூன்று நான்கு மாதத்தில் பூத்தண்டு வரும். அடியில் இரண்டு பூ விரிந்ததும் விடியற்காலையில் வெட்டுங்கள். முழுவதும் விரியும்வரை காத்திருந்தால் வாங்குபவர் கையில் வாடிவிடும்.

வெட்டிய தண்டு வாளியில்தான் பெரும்பாலும் கெடுகிறது. அழுக்கு வாளியில் பெருகும் பற்றீரியா தண்டின் நீர்க்குழாய்களை அடைத்துவிடும். தண்ணீருக்குள் நின்றபடியே பூ தாகத்தில் தலை சாயும். வாளியைத் தேய்த்துக் கழுவி, கிணற்று உவர் கலக்காத நீர் 5 லீற்றருக்கு, 5 வீதக் குளோரின் வெளிற்றுத் திரவம் ஒரு தேக்கரண்டி விடுங்கள். தண்ணீருக்குள் மூழ்கும் இலைகளை உருவிவிட்டு, தண்டு நுனியைச் சரிவாக 2 செ.மீ. மறுபடி வெட்டி உடனே வையுங்கள். நீரை நாள்தோறும் மாற்ற வேண்டும். பழுத்த வாழைக்குலை இருக்கும் அறையில் பூவை வைக்கக் கூடாது. பழத்திலிருந்து வரும் எதிலீன் வாயு பல பூக்களை, முக்கியமாக ஓர்கிட்டை, முன்கூட்டியே வாட்டிவிடும். மாலை கட்டும் பூவுக்கு இதற்கு நேர்மாறான கவனம் வேண்டும். பனி உலர்ந்த பின் பறித்து, ஷொப்பிங் பையில் அடைக்காமல் காற்றோட்டமுள்ள கடகத்தில் பரப்புங்கள். ஈரத்தோடு பையில் கட்டிய செவ்வந்தி மத்தியானத்துக்குள் சூடேறிக் கறுக்கும்.

அதிகாரிகளிடம் இரண்டு கோரிக்கைகள். காலை 5 மணி முதல் 7 மணி வரை பூ விற்க, சந்தையில் கூரையும் குழாய்நீரும் உள்ள ஓர் ஓரத்தை உள்ளூராட்சி மன்றங்கள் ஒதுக்க வேண்டும். வெயிலில் தரையில் பரப்பிய பூவின் விலை மணிக்கு மணி விழுகிறது. மற்றது, ஆண்டுதோறும் ஆவணியில் ஒரு நாளாவது கரையோரக் கமநல சேவை நிலையங்களில் விவசாயப் போதனாசிரியர்கள் மின்கடத்துதிறன் மானியோடு இருந்து கிணற்று நீரைச் சோதித்துக் கொடுக்க வேண்டும். கொண்டு வருவோர் போத்தலை அதே கிணற்று நீரில் மூன்று முறை அலசி, விளிம்புவரை நிரப்பி, இறைத்த நேரத்தையும் திகதியையும் எழுதி ஒட்டி வந்தால் போதும்.

இப்படிக்கு,
சிறு பூச்செய்கையாளர்கள்,
நிலாவெளி, திருகோணமலை.