படத்தில் இல்லாதது

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தோம். அம்மாவுக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது. நீ கேட்ட படங்களைப் பென்டிரைவில் போட்டு இத்துடன் அனுப்பியிருக்கிறேன். மலைப் படமே நாற்பதுக்கு மேல் வரும். தேவாலயத்துக்கு உள்ளே எடுத்தது ஒன்றுகூட இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நீ ஆக்லாந்தில் ஆபீஸ் போய்க்கொண்டிருந்த வாரம், நாங்கள் கிஸ்போர்னிலிருந்து கடலோரமாக வடக்கே போனோம் இல்லையா? ருவாட்டோரியாவில் விடிவதற்கு முன்பே கேமரா ஸ்டாண்டை ஊன்றிவிட்டேன். எதிரே ஹிகுராங்கி, 1752 மீட்டர். நியூசிலாந்தின் வடக்குத் தீவில் எரிமலை அல்லாத மலைகளில் அதுதான் உயரம். நாங்கள் நின்ற இடம் இருட்டாக இருக்கும்போதே உச்சியில் மட்டும் ஒரு கோடு சிவந்தது. லென்ஸில் பனி படியப் படிய அம்மா முந்தானையால் துடைத்துக் கொடுத்தாள். 17ஆம் நம்பர் படம் அதுதான்.

அப்புறம் டிக்கிடிக்கிக்குப் போனோம். அங்கே உள்ள செயின்ட் மேரி தேவாலயம், முதல் உலகப் போரில் மாண்ட ஙாட்டி போரோ (மாவோரிப் பூர்வகுடிகளில் ஒரு குலம்) வீரர்களின் நினைவாக, அந்தக் குலத்துத் தலைவர் அபிரானா ஙாட்டாவின் முயற்சியில் எழும்பி 1926இல் திறக்கப்பட்டது. (நம் ஙகரத்துக்கு அந்த ஊரில் நிறைய வேலை இருக்கிறது.) வெளியே பார்த்தால் சாதாரண மரக் கட்டிடம். உள்ளே ஒரே மரச் செதுக்கலும், கோலம் மாதிரி பின்னிய தட்டிகளுமாக இருக்கிறது. வண்ணக் கண்ணாடி ஜன்னலில் சிலுவையில் இயேசு, காலடியில் மண்டியிட்டபடி இரண்டு சிப்பாய்கள். அந்த மண்ணிலிருந்து போய்த் திரும்பாத இரண்டு பேரின் உருவங்கள் அவை.

அங்கிருந்த ஒரு பெரியம்மா, தன் பெயரைச் சொல்வதற்கு முன்னால், "ஹிகுராங்கி என் மலை, வையாபு என் ஆறு, ஙாட்டி போரோ என் மக்கள்" என்றார். மாவோரிகள் தங்களை அறிமுகப்படுத்திக்கொள்வது அப்படித்தான். பிறகு அடுத்த போரை, இரண்டாம் உலகப் போரைப் பற்றிப் பேசினார். 1943 மார்ச்சில், துனிசியாவில், 28ஆவது மாவோரி பட்டாளம் ஒரு குன்றைப் பிடிக்கப் போனது. அதை ஒட்டிய மேட்டுக்கு அந்தப் பையன்கள் வைத்த பெயர் ஹிகுராங்கி. ருவாட்டோரியா பக்கத்துப் பிள்ளை மோவானா-நுயி-அ-கிவா ஙாரிமு இரவெல்லாம் அதை விட்டுக்கொடுக்காமல் நின்று, மறுநாள் காலை அங்கேயே இறந்தான். வயது 23. அக்டோபரில் ருவாட்டோரியாவில் கூட்டம் கூட்டி, வீரத்துக்கான மிக உயர்ந்த விருதான விக்டோரியா கிராஸ் பதக்கத்தை அவன் அப்பா அம்மா கையில் கொடுத்தார்கள்.

காலையில் வெளிச்சம், மேகம் என்று பார்த்துப் பார்த்து நான் எடுத்த மலை அது. வேற்று தேசத்து மொட்டை மேட்டுக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டுப் பிள்ளைகள் செத்திருக்கிறார்கள். அந்தம்மா படம் எடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்குத்தான் கை எழவில்லை. பதக்கத்தை வாங்கிய அந்த அப்பாவின் கையே நினைவில் நின்றது.

கிளம்பும்போது, "ஏதாவது படம் அனுப்பட்டுமா?" என்று கேட்டேன். "மலை மட்டும் போதும்" என்றார். விலாசத்தைத் தனியாக எழுதி வைத்திருக்கிறேன். 17ஆம் நம்பரைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு நீயே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வா. பளபளப்புத் தாள் வேண்டாம், மேட் தாளில் போடு. உச்சியில் இருக்கிற அந்தச் சிவப்பு மங்காமல் வருகிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்.

அன்புடன்,
அப்பா