பாட்டு நடக்கும்போது மானை ஓட விடாதே, மருமகனே

அன்புள்ள மருமகனுக்கு,

பங்குனிப் பொங்கலுக்கு ஊரில் வள்ளி திருமணம் நாடகம் போடுகிறார்கள், மேடைப் பொறுப்பு உன்னிடம் என்று உன் அப்பா சொன்னான். ரொம்ப சந்தோஷம். கூடவே, காட்சி வரைந்த துணிப் படுதா எதுவும் வேண்டாம், பின்னால் முழுக்க எல்இடி திரைதான் என்று நீ முடிவு செய்திருப்பதையும் சொன்னான். இதைப் போனில் எனக்குச் சரியாகச் சொல்ல வராது. அதனால் எழுதுகிறேன்.

போன வருஷம் கோவில்பட்டிப் பக்கம் ஒரு ஊரில் அப்படித்தான் திரை வைத்திருந்தார்கள். முருகன் வேடனாக வந்து ‘காயாத கானகத்தே’ எடுத்தார். நல்ல சாரீரம். ஆர்மோனியக்காரரும் விடாமல் பின்னாலேயே போனார். அந்த நேரம் பார்த்துத் திரையில் ஒரு புள்ளிமான் ஓடியது. என்னைச் சுற்றி உட்கார்ந்திருந்த அத்தனை தலையும் மான் போன பக்கமே திரும்பிற்று. பாடுகிறவரைப் பார்க்க ஆள் இல்லை.

அந்தப் பாட்டில் வேடன் தேடி வருகிற மான் எது? மேயாத மான், உடம்பில் புள்ளி இல்லாத மான். வள்ளிதான் அது. அவள் முகத்தைப் பார்த்து அவன் பாடப் பாட, இவளைத்தானே சொல்கிறான் என்று கேட்கிறவர்களுக்கு மெல்லப் பிடிபட வேண்டும். பாட்டின் உயிரே அங்கேதான் இருக்கிறது. நிஜ மானைக் காட்டினால் பிடிபடுவதற்கு என்ன மிச்சம்? எழுதியவர் 1867-இல் நம்ம காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள். சொல்லாலேயே ஒரு காட்டை எழுப்பிக் காட்டத் தெரிந்தவர்.

நான் பிரமாண்டத்துக்கு விரோதி இல்லை. அந்தக் காலத்துக் கன்னையா நாடகக் கம்பெனி தசாவதாரத்துக்குப் போட்ட காட்சி ஜோடனைகளை ஜனங்கள் வாய் பிளந்து பார்த்திருக்கிறார்கள். செங்கோட்டைக் கிட்டப்பா பாடியதும் அந்தக் கம்பெனி மேடையில்தான். நவாப் ராஜமாணிக்கம், அப்புறம் ஆர்.எஸ். மனோகர் என்று அந்த வரிசை நீளும். ஆனால் படுதா ஒரு தடவை இறங்கிவிட்டால் அசையாது. பார்த்து அதிசயப்பட்ட கண் கொஞ்ச நேரத்தில் அடங்கி, காதுக்கு வழி விடும். உன் திரைக்கு அந்த அடக்கம் தானாக வராது. நீதான் கொடுக்க வேண்டும்.

உன் தாத்தா படுதாவில் சீன் வரைகிறபோது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான். காட்டு சீனில் மரம், கொடி, கிளி எல்லாம் ஓரத்தோடு சரி. நடுவில் வெறும் கரும்பச்சை. அங்கே ஏன் ஒன்றுமே இல்லை என்று கேட்டேன். “அது ஆள் நிற்கிற இடம்லா” என்றார். ஜிகினா உடுப்பு பளபளப்பதற்குப் பின்னால் இருட்டு வேண்டும். பின்னால் இருக்கிற திரை ஆளைவிட வெளிச்சமாக இருந்தால் பாடுகிறவர் முகம் கறுத்துத்தான் தெரியும். அதனால் திரை வெளிச்சத்தை நன்றாகக் குறைத்துவிடு. இரண்டு பக்கமும் முன்னாலிருந்து முகத்துக்கு மஞ்சள் வெளிச்சம் கொடு. வெள்ளை வெளிச்சத்தில் அரிதாரம் சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிடுகிறது.

இன்னொன்று. ஸ்பெஷல் நாடகத்துக்கு ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் போடுகிற நாயகன் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் போடுகிற நாயகி ஒரு ஊர். அன்றைக்கு மேடையில்தான் சந்திக்கிறார்கள். வள்ளிக்கும் முருகனுக்கும் தர்க்கம் சூடு பிடித்தால் எவ்வளவு நேரம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. நிமிஷக் கணக்குப் போட்டு வெட்டி வைத்த வீடியோ இதற்கு ஒத்து வராது. திரையை இயக்குகிற பையனை ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் உட்கார வை. அவர் விரலைப் பார்த்து அவன் வேலை செய்யட்டும். தர்க்கம் முடிகிற வரைக்கும் அவன் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்கட்டும்.

உன் வித்தையை எல்லாம் இரண்டு இடத்துக்குச் சேர்த்து வை. யானை வந்து வள்ளியை மிரட்டுவது ஒன்று. கிழவன் வேஷம் கலைந்து முருகன் வேலோடு நிற்பது இன்னொன்று. நெல்லையப்பர் கோயிலில் திரை போட்டு அலங்காரம் நடக்கும்போது எத்தனை தடவை என் கையைப் பிடித்துக்கொண்டு காத்து நின்றிருப்பாய்! மணி அடித்துத் திரை விலகி, தீபாராதனை வெளிச்சத்தில் சாமி தெரிகிற அந்த நொடியில் உன் பிடி இறுகும். அதற்கு முன்னால் அவ்வளவு நேரம் மூடியே கிடந்ததால்தான் அது. கிழவன் முருகனாகிற வரைக்கும் உன் திரையில் மயில் தோகை விரிக்கவே கூடாது. விரித்தால் அந்த ஒரு தடவைதான்.

மங்களம் பாடுவதற்குள் கிழக்கு வெளுத்துவிடும். அப்போது திரையை அணைத்துவிடு. தாத்தா வரைந்த காட்டு சீன் ஒன்று என் வீட்டுப் பரணில் சுருட்டிக் கிடக்கிறது. ஓரத்தில் கொஞ்சம் செல்லரித்திருக்கிறது, நடுவில் ஒன்றும் ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போ.

அன்புடன்,
அத்தை