மாமாவின் அலமாரியைத் தொடாதே

செந்தூல், கோலாலம்பூர்

அன்புள்ள குணா,

நலம். நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் நலம்தானே? தைப்பூசத்துக்குப் பினாங்கு தண்ணீர்மலைக் கோயிலுக்கு வருகிறேன் என்று சொல்லி வராமல் போனதற்கும், அதன் பிறகு எட்டு மாதம் வாயே திறக்காமல் இருந்ததற்கும் என்னைத் திட்ட உனக்கு உரிமை உண்டு. திட்டு. ஆனால் முதலில் இதை முழுதாகப் படி. போனில் சொன்னால் "சரிடா, சரிடா" என்று பாதியில் வைத்துவிடுவாய். பள்ளிக்கூடத்திலிருந்தே நீ அப்படித்தான்.

நேற்று நீ அனுப்பிய குரல் பதிவில், தீபாவளிக்கு வீட்டுக்குச் சாயம் அடிக்கப் போகிறோம், அப்பாவின் அலமாரியைக் காலி பண்ணிப் பழைய பேப்பர்காரரிடம் போடப் போகிறோம் என்று போகிற போக்கில் சொன்னாய். எனக்குத் தூக்கம் போய்விட்டது. அந்த அலமாரியைத் தொடாதே.

ஏனென்றால் நான் மறுபடியும் படிக்கிறேன், குணா. உன்னிடம்கூடச் சொல்லவில்லை. அனைத்துலக விளையாட்டு பற்றிய முதுகலைப் படிப்பு, இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றில், இணையம் வழியாக. வேலை பார்ப்பவர்களுக்காகப் பகுதி நேரமாக இரண்டு வருடம் நடத்துகிறார்கள். அவர்களுக்கு மாலை 6 மணி வகுப்பு, நமக்கு இரவு 1 மணி. குளிர்காலத்தில் 2 மணி. மறுநாள் காலை எட்டரைக்கு நான் அலுவலகத்தில் கணக்கு பார்க்க வேண்டும். தேர்வுக்கு இரண்டு நாள் விடுப்பு கேட்டேன், மேலாளர் தரவில்லை. கார் மாற்ற வைத்திருந்த பணம் கட்டணத்துக்குப் போய்விட்டது. இருந்தும் இந்த ஒரு வருடம் போல நான் சந்தோஷமாக இருந்ததில்லை.

எத்தனை விஷயம் தெரியாமல் இருந்திருக்கிறோம்! ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரரை வேறு கிளப்புக்கு விடப் பழைய கிளப் பணம் கேட்க முடியாது என்று 1995-ல் போஸ்மான் வழக்கில் வந்த தீர்ப்பு, ஐரோப்பியக் காற்பந்தையே மாற்றிவிட்டது. ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பு புக்கிட் ஜாலிலில் இருக்கிறது, உலகப் பூப்பந்துக் கூட்டமைப்பும் 2005-லேயே இங்கிலாந்திலிருந்து இந்த ஊருக்கு வந்துவிட்டது. புக்கிட் ஜாலில் வழியாக எத்தனை முறை போயிருக்கிறேன், ஒரு கண்டத்தின் ஆட்டமே அங்கிருந்து நடக்கிறது என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

சரி, அலமாரிக்கு வருகிறேன். போன மாதம் ஒலிம்பிக் புறக்கணிப்புகள் பற்றி ஒரு வகுப்பு. 1980 மாஸ்கோ. சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் போனதைக் கண்டித்துப் பல நாடுகள் விலகின. 80 நாடுகள்தான் கலந்துகொண்டன. பிரிட்டனில் பிரதமர் தாட்சர் போகாதீர்கள் என்றார். ஆனாலும் அவர்களின் ஒலிம்பிக் சங்கம் போனது. செபாஸ்டியன் கோ 1500 மீட்டரில் தங்கம் வாங்கினார். விரிவுரையாளர் அதைப் பெருமையோடு சொல்லி முடித்தபோது என்னால் சும்மா இருக்க முடியவில்லை. மைக்கைத் திறந்து, "எங்கள் மலேசியக் காற்பந்து அணி போகவில்லை" என்றேன்.

அந்த ஒலிம்பிக்குக்கான தகுதி ஆட்டத்தில், ஏப்ரல் 6, இங்கே மெர்டேக்கா அரங்கத்தில், நாம் தென் கொரியாவை 2–1 என்று வென்றது எல்லாம் சொன்னேன். தோட்டத்துக் கணக்கர் கிராணி வீட்டு டிவிக்கு முன்னால் லயத்து வீட்டு ஆட்கள் எல்லாரும் கூடி நின்றதையும், ஜேம்ஸ் வோங் கோல் போட்டதும் மாமா உன்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு திடல் வரை ஓடியதையும்கூடச் சொன்னேன். நான் பின்னாலேயே அழுதுகொண்டு ஓடினேன், நினைவிருக்கிறதா? அத்தனையும் நடந்தும், நம் நாடும் புறக்கணித்ததால் கடைசியில் நம் அணி வீட்டிலேயே இருந்தது. நம் இடத்தில் ஈராக் போனது. 1972 மியூனிக்குக்குப் பிறகு ஒலிம்பிக் காற்பந்தில் நாம் இன்றுவரை ஆடவில்லை. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு விரிவுரையாளர், "இதையே ஆய்வாக எழுதுங்களேன்" என்றார்.

எழுதப் போகிறேன். ஒலிம்பிக் சங்கம் அரசியல் அழுத்தத்துக்கு இடம் கொடுக்கக் கூடாது என்று ஒலிம்பிக் சாசனம் இன்று சொல்கிறது. அன்று இங்கே யார், எப்படி முடிவெடுத்தார்கள் என்பது ஆவணங்களில் ஓரளவு கிடைக்கும். ஆனால் எனக்கு வேண்டியது வேறு. தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் அந்தச் செய்தியை எப்படி வாங்கிக்கொண்டார்கள்? அது எந்த ஆவணத்திலும் இல்லை. நம் அணிக்குக் கோல் காத்த ஆறுமுகம் 1988-லேயே விபத்தில் போய்விட்டார். தமிழ் நேசன் நாளிதழ் 2019-ல் நின்றுவிட்டது. மாமாவோ சோற்றுப் பசை தடவி, ஒவ்வொரு பத்திரிகை வெட்டுத்துண்டின் ஓரத்திலும் தேதியும் தன் கருத்தும் எழுதி ஒட்டி வைத்திருக்கிறார். அந்த மூன்று நீல நோட்டுகளைத்தான் நீ கிலோ கணக்கில் போடப் பார்த்தாய்!

மாமாவுக்குப் பேர்கள் மறந்துபோகின்றன என்று போன வருடம் நீ சொன்னதிலிருந்து எனக்குப் பயமாக இருக்கிறது. நோட்டைப் பிரித்து மடியில் வைத்தால் பேசுவார் என்றுதான் நம்புகிறேன். பேசாவிட்டாலும் பரவாயில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

வருகிற சனிக்கிழமை காலை இடிஎஸ் ரயிலில் பட்டர்வொர்த் வருகிறேன், டிக்கெட் எடுத்துவிட்டேன். அதுவரை ஒட்டிக்கொண்ட பக்கங்களைப் பிரிக்காதே, வெயிலில் காய வைக்காதே. அலமாரியை நகர்த்தித்தான் சாயம் அடிக்க வேண்டுமென்றால் நோட்டுகளை மாமாவின் கட்டிலுக்கு அடியில் வை. மாமா காலையில்தான் தெளிவாக இருக்கிறார் என்றாயே, ஞாயிறு காலை வரை தங்குகிறேன் என்று தங்கச்சியிடம் சொல்லிவிடு.

அன்புடன்,
சேகர்