தேதி போடாத வாக்குறுதி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க, ஐரோப்பிய நாடுகளின் ராணுவக் கூட்டணியான நேட்டோ 2025 ஜூனில் ஹேக் நகரில் நடத்திய உச்சி மாநாடு பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 2035-க்குள் உறுப்பு நாடுகள் தங்கள் உள்நாட்டு உற்பத்தியில் 5 சதவீதத்தைப் பாதுகாப்புக்கு ஒதுக்குவது, அதில் 3.5 நேரடி ராணுவச் செலவுக்கு, மீதி 1.5 உள்கட்டமைப்பு, இணையப் பாதுகாப்பு போன்றவற்றுக்கு என்று கட்டுரையாளர் நன்றாகவே பிரித்துச் சொல்லியிருந்தார். ஆனால் மாநாட்டின் முடிவில் வந்த அறிக்கையில் இல்லாமல் போன ஒன்றைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

ஹேக் அறிக்கை மொத்தம் ஐந்தே பத்திகள். உக்ரைனுக்கு ஆதரவு தொடரும் என்று இருக்கிறது. உக்ரைன் உறுப்பினராகும் என்ற பேச்சே இல்லை. ஒரு வருடம் முன்னால், 2024 ஜூலையில், வாஷிங்டனில் கூடிய இதே 32 நாடுகள்தான் உக்ரைன் உறுப்பினராகும் பாதை இனிப் பின்வாங்க முடியாதது என்று எழுதிக்கொடுத்தன.

இந்தக் கதை தொடங்கியது 2008 ஏப்ரலில், ருமேனியாவின் புக்கரெஸ்டில் கூடிய நேட்டோ மாநாட்டில். உக்ரைனுக்கும் ஜார்ஜியாவுக்கும் உறுப்பினராவதற்கான செயல்திட்டத்தைக் கொடுத்துவிட வேண்டும் என்றார் அமெரிக்க அதிபர் புஷ். ஜெர்மனியின் மெர்க்கெலும் பிரான்சின் சர்கோசியும் மறுத்தார்கள். நேட்டோவில் வாக்கெடுப்பு கிடையாது. அன்றிருந்த 26 நாடுகளும் ஒத்துக்கொண்டால்தான் ஒரு வரி அறிக்கையில் ஏறும். கடைசியில் செயல்திட்டமும் கொடுக்கவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. 'இந்த நாடுகள் நேட்டோவில் உறுப்பினராகும்' என்று 23-வது பத்தியில் எழுதினார்கள். எப்போது என்று எழுதவில்லை.

நான் முப்பது வருடம் ஓர் அலுவலகத்தில் மனுக்களுக்குப் பதில் எழுதியவன். 'ஆவன செய்யப்படும்' என்று எழுதிவிட்டால் மனு நம் மேசையை விட்டுப் போய்விடும். ஒருமுறை பெரியவர் ஒருவர் அப்படி வந்த பதிலை பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்து என் முன்னால் விரித்தார். ஆறு வருடம் பத்திரமாக வைத்திருந்தாராம், மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது. கீழே இருந்தது என் கையெழுத்து. அதனால்தான் அந்த 23-வது பத்தியைப் படிக்கும்போது எனக்கு மனம் பதறுகிறது.

அந்த மாநாடு முடிந்து நான்கே மாதத்தில் ஜார்ஜியாவுக்குள் ரஷ்யப் படை நுழைந்தது. 2014-ல் கிரைமியா, 2022-ல் முழுப் படையெடுப்பு. இதற்கெல்லாம் பொறுப்பு ரஷ்யாதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஒருவரைத் தாக்கினால் எல்லோரையும் தாக்கியதாகக் கொள்ளும் நேட்டோ ஒப்பந்தத்தின் ஐந்தாவது ஷரத்து உறுப்பினர்களுக்கு மட்டும்தான். ரஷ்யா காரணம் காட்ட அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது. அந்த நாடுகளைக் காப்பாற்றத்தான் போதவில்லை. முடியாது என்றால் முடியாது என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம். அவர்கள் வேறு வழியாவது தேடியிருப்பார்கள்.

2023 ஜூலையில் லிதுவேனியாவின் வில்னியஸ் நகரில் நேட்டோ மாநாடு நடந்தபோது, பாக்முத் போர்முனையிலிருந்து கொண்டுவந்த உக்ரைன் கொடியை ஊர் நடுவே உள்ள சதுக்கத்தில் ஏற்றினார்கள். உக்ரைன் அதிபர் ஜெலன்ஸ்கி பேசினார், கூட்டம் ஆர்ப்பரித்தது. அன்று வெளியான அறிக்கை 90 பத்திகள். உறுப்பு நாடுகள் ஒப்புக்கொண்டு, நிபந்தனைகளும் நிறைவேறினால் அழைப்பு வரும் என்றது. அன்று மாலை விருந்தில் தலைவர்கள் ஆளுக்கொரு பக்கம் பேசிக்கொண்டிருக்க, நடுவில் பச்சைச் சட்டையோடு ஜெலன்ஸ்கி தனியாக நின்ற புகைப்படத்தை உங்கள் வாசகர்கள் பலரும் பார்த்திருப்பார்கள்.

அடுத்த மாநாடு 2026 ஜூலையில் அங்காராவில். குழுப் படமும், யார் யாரோடு கைகுலுக்கினார் என்ற செய்தியும் எங்களுக்குத் தொலைக்காட்சியிலேயே கிடைத்துவிடும். நீங்கள் அந்த அறிக்கையைத் தமிழில் முழுசாகப் போடுங்கள். பக்கத்திலேயே ஹேக் அறிக்கையின் ஐந்து பத்திகளையும், புக்கரெஸ்டின் 23-வது பத்தியையும் சேர்த்து அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
திண்டுக்கல்.