உறுப்பிழப்பும் லாரி ஓட்டுநரின் மருத்துவச் சான்றும்: ஒரு திருத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் கனரக லாரி ஓட்டுநர் வேலைக்குத் தேவையான தகுதிகளை விளக்கித் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். உரிம வகைகள், பயிற்சி, பணி நேரக் கட்டுப்பாடு ஆகியவை குறித்து அதில் சொல்லப்பட்டவற்றில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் மருத்துவத் தகுதி பற்றிய பத்தியில், கையையோ காலையோ இழந்தவர்களுக்கு இந்தத் தொழில் கிடையாது என்று ஒரே வரியில் முடித்திருப்பது தவறு. அந்நாட்டில் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் ஓட்டுநர்களின் மருத்துவச் சான்றுகளைச் சரிபார்த்துக் கோப்பில் சேர்க்கும் வேலையைப் பல ஆண்டுகள் பார்த்தவன் என்ற முறையில், அந்த ஒரு வரியைப் பற்றிச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

மாநில எல்லைகளைக் கடந்து, 10,001 பவுண்டு அல்லது அதற்கு மேற்பட்ட எடை வரம்புள்ள வணிக வாகனத்தை, அதாவது சுமார் 4,536 கிலோவிலிருந்து தொடங்கும் வாகனங்களை, ஓட்டுபவர்கள் பொதுவாக மருத்துவத் தகுதிச் சான்று வைத்திருக்க வேண்டும். இதற்கான விதி அமெரிக்க மத்திய ஒழுங்குவிதித் தொகுப்பின் 49ஆம் தலைப்பில், 391.41 என்ற எண்ணில் இருக்கிறது. பாதம், கால், கை, புயம் ஆகியவற்றில் எதையும் இழக்காதவராக ஓட்டுநர் இருக்க வேண்டும், அல்லது திறன் மதிப்பீட்டுச் சான்றிதழ் பெற்றவராக இருக்க வேண்டும் என்பதே அதில் உடல் தகுதி பற்றிய முதல் நிபந்தனை. தங்கள் கட்டுரையாளர் அந்த 'அல்லது'க்கு முன்பே படிப்பதை நிறுத்திவிட்டார் என்று தோன்றுகிறது. அவரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. லாரி நிறுவனங்களில் ஆளெடுக்கும் பொறுப்பில் இருப்பவர்களே பலமுறை அங்கே நின்றுவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

ஓட்டுநர்கள் எஸ்பிஇ என்று சுருக்கமாகச் சொல்லும் அந்தத் திறன் மதிப்பீட்டுச் சான்றிதழை முற்காலத்தில் உறுப்புக் குறைக்கான 'விலக்கு' என்றே அழைத்தார்கள். பெயரை மாற்றியது நல்ல காரியம் என்பது என் கருத்து. விலக்கு என்றால் தகுதி இல்லாதவருக்குச் சலுகை காட்டுவதாகப் பொருள்படும். உண்மையில் நடப்பதோ, மற்ற ஓட்டுநர்கள் எதிர்கொள்ளாத கூடுதல் தேர்வு ஒன்றில் இவர் ஓட்டிக் காட்டித் தேறுவது.

முதல் நிபந்தனையை அடுத்து வரும் நிபந்தனை இன்னும் நுட்பமானது. உறுப்பு முழுதாக இருந்தாலும், கையிலோ விரல்களிலோ உள்ள குறை பிடிப்பைக் கெடுக்கிறதா, புயத்திலோ காலிலோ உள்ள குறை லாரி ஓட்டுவதோடு சேர்ந்த வழக்கமான வேலைகளைத் தடுக்கிறதா என்று அது கேட்கிறது. ஆகவே ஒரு விரலை இழந்தவர் அந்தக் காரணத்துக்காகவே தகுதி இழப்பதில்லை. மீதி விரல்களால் அவர் ஸ்டீயரிங்கை உறுதியாகப் பிடிக்கவும் சுவிட்சுகளை இயக்கவும் முடிந்தால், எஸ்பிஇ கூடத் தேவைப்படாமல் மற்றவர்களைப் போலவே அவர் சான்று பெறலாம். இங்கே 'வழக்கமான வேலைகள்' என்பது பெடலை மிதிப்பதோடு முடிவதில்லை. டிரெய்லரை இணைப்பதும் கழற்றுவதும், உயரமான கேபினில் நாளெல்லாம் ஏறி இறங்குவதும், பனிக்காலத்தில் டயருக்குக் கனமான சங்கிலி மாட்டுவதும், திறந்த டிரெய்லரின் மேல் தார்ப்பாய் விரித்துக் கட்டுவதும் இந்தத் தொழிலின் பகுதிகளே.

கையோ காலோ இழந்தவர், முதலில் மத்தியப் பதிவேட்டில் இடம்பெற்ற மருத்துவப் பரிசோதகரிடம் போகிறார். 2014 மே 21 முதல் அந்தப் பதிவேட்டில் இருப்பவர்கள் மட்டுமே இந்தச் சான்றை வழங்கலாம். பரிசோதகர் மருத்துவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மாநிலச் சட்டம் அனுமதித்தால் உயர்பயிற்சி பெற்ற செவிலியராகவோ முதுகெலும்புச் சீரமைப்பாளராகவோ இருக்கலாம். ஆனால் எஸ்பிஇ விண்ணப்பத்துக்கு அது போதாது. எலும்பியல் அறுவை மருத்துவரோ உடலியக்க மறுவாழ்வு மருத்துவரோ தனியாக மதிப்பீடு எழுதித் தர வேண்டும். கையிழந்தவர் என்றால், குமிழ்களையும் சுவிட்சுகளையும் கையாளும் நுண்பிடியும், ஸ்டீயரிங்கைப் பற்றித் திருப்பும் வலுப்பிடியும் ஒவ்வொரு கைக்கும் தனித்தனியே உண்டு என்று அந்த மதிப்பீடு சொல்ல வேண்டும். செயற்கைக் கை வெறும் தோற்றத்துக்கானதாக இருந்தால் இந்த இடத்தில் தேற முடியாது. எந்த வகை லாரி, எந்தக் கியர்பெட்டி, எந்த பிரேக் என்பவற்றையெல்லாம் விண்ணப்பத்தில் குறிப்பிட வேண்டும். நிறுவனமும் ஓட்டுநரும் சேர்ந்து விண்ணப்பிக்கலாம். ஓட்டுநர் தனியாகவும் விண்ணப்பிக்கலாம். கடைசியாக லாரியை ஓட்டிக் காட்ட வேண்டும்.

அப்படி ஒரு தேர்வை எங்கள் வளாகத்திலேயே பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. இடது முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால் பொருத்திய ஓட்டுநர் அவர். தேர்வாளர் அவரை உடனே வண்டியில் ஏற்றவில்லை. லாரியைச் சுற்றி வரச் சொன்னார். குனிந்து டிரெய்லருக்கு அடியில் பார்க்கச் சொன்னார். காற்றுக் குழாய்களைக் கழற்றி மாட்டச் சொன்னார். டிரெய்லரின் முன்புறத் தாங்குகால்களைக் கைப்பிடியால் சுழற்றி இறக்கி ஏற்றச் சொன்னார். அதன் பிறகுதான் கேபினில் ஏறும் முறை: இரண்டு கையும் ஒரு காலுமாக, அல்லது இரண்டு காலும் ஒரு கையுமாக, எந்த நொடியிலும் மூன்று பிடிமானம் இருக்க வேண்டும். அவர் செயற்கைக் காலைப் படியில் வைத்து, அது சரியாகப் பதிந்துவிட்டதா என்று ஒரு நொடி நிதானித்து, அதன் பிறகே வலது காலைத் தரையிலிருந்து எடுத்தார். அந்த ஒரு நொடி நிதானத்தைத் தேர்வாளர் ஏதோ குறித்துக்கொண்டபோது, போச்சு என்று நினைத்தேன்.

வண்டி பத்து கியர் கொண்டது. கியருக்குக் கியர் கிளட்சை இருமுறை மிதிக்க வேண்டிய பழைய ரகம். ஓட்டித் திரும்பிய பிறகு, கிளட்ச் எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது என்பது எப்படித் தெரிகிறது என்று தேர்வாளர் கேட்டார். "பெடல் பாதத்துக்குத் தெரியாது, முட்டிக்குத் தெரியும்" என்றார் ஓட்டுநர். தேர்வாளர் சிரிக்கவில்லை, தலையை மட்டும் அசைத்தார். சான்றிதழ் வந்து சேர்ந்தது.

அதே காலத்தில் என் மேசைக்கு இன்னொரு கோப்பும் வந்தது. நான்கு உறுப்புகளும் குறைவின்றி இருந்த ஓட்டுநர்; இரண்டு ஆண்டு முழுமைக்குமான சான்று. ஆனால் அவரால் வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாது என்பது வளாகத்தில் எல்லோருக்கும் தெரியும். தாங்குகால் கைப்பிடியை இடது கையால்தான் சுழற்றுவார். பரிசோதனை அறிக்கையில் உடலின் ஒவ்வொரு பகுதிக்கும் நேரே இயல்பு, இயல்பற்றது என்று குறிக்கும் பட்டியல் உண்டு. அதில் எல்லாவற்றுக்கும் 'இயல்பு' என்றே குறியிட்டிருந்தது. கையைத் தூக்கிக் காட்டும்படி அவரிடம் யாரும் கேட்கவில்லை, அவராகவும் சொல்லவில்லை. விதி செயல்திறனைத்தான் பார்க்கச் சொல்கிறது; ஆனால் கண்ணுக்குத் தெரியும் குறையுள்ளவரிடம் மட்டுமே அந்தச் சோதனையை முழுமையாக நடத்துகிறோம். எனக்கு இந்த ஏற்பாட்டில் உண்மையான மனக்குறை என்றால் அது இதுதான்.

இன்னொரு சிக்கல் படிவத்திலேயே இருக்கிறது. மருத்துவச் சான்றில் சில சிறு கட்டங்கள் உண்டு: கண்ணாடி அணிந்து ஓட்ட வேண்டும், செவிக்கருவி அணிந்து ஓட்ட வேண்டும், எஸ்பிஇ சான்றிதழுடன் ஓட்ட வேண்டும். மூன்றும் ஒரே வரிசையில் வருபவை. கண்ணாடிக் கட்டத்தில் குறி இருந்தால் யாரும் அந்த ஓட்டுநரைத் தகுதியற்றவர் என்று சொல்வதில்லை. எஸ்பிஇ கட்டத்தில் குறி விழுந்தால் மட்டும், மருத்துவர் மறுத்துவிட்டார் என்று படித்து விண்ணப்பத்தை ஒதுக்கிவிடுகிறார்கள். உடல்நிலை மற்றபடி தகுதியானது, அந்தச் சான்றிதழையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள் என்பதே அந்தக் குறியின் பொருள்.

எஸ்பிஇ எல்லாக் குறைகளுக்கும் மருந்தல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். நிலைத்துவிட்ட உறுப்புக் குறைக்கே அது பொருந்தும். மூட்டுவாதம், தசை அல்லது நரம்புத் தளர்ச்சி நோய் போல நாளுக்கு நாள் மாறக்கூடியவை விதியின் வேறு உட்பிரிவில் வருகின்றன. அவற்றில் பரிசோதகரின் தீர்ப்பே முதன்மையானது, அவர் இரண்டு ஆண்டுக்குப் பதிலாகக் குறுகிய காலச் சான்று தரலாம். மாநிலத்துக்குள் மட்டும் ஓட்டுபவர்களுக்கு அந்தந்த மாநிலத்தின் விதிகள் தனி.

பார்வை, நீரிழிவு, செவித்திறன் ஆகியவற்றில் நிலைமை மாறியிருப்பதையும் கட்டுரை கவனிக்கவில்லை. இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் முன்பு வாஷிங்டனிலிருந்து தனி விலக்கு பெற வேண்டியிருந்தது. 2018 நவம்பரிலிருந்து, சிகிச்சை தரும் மருத்துவரின் படிவத்தின் அடிப்படையில் பரிசோதகரே முடிவு செய்கிறார். விதி கேட்கும் 20/40 என்ற பார்வை அளவை ஒரு கண்ணில் எட்டாதவர்களுக்கு 2022 மார்ச்சில் இதே போன்ற மாற்று வழி வந்தது. இந்த இரு பிரிவினருக்கும் சான்று அதிகபட்சம் ஓராண்டுக்குத்தான். செவித்திறன் தளர்ந்தவர்களுக்கு இன்னும் விலக்கு முறையே நடப்பில் உள்ளது. 2013 பிப்ரவரியில் முதன்முதலாக 40 பேருக்கு அது தரப்பட்டது.

அப்படியானால் உறுப்பிழந்தவர்களுக்கும் எஸ்பிஇயை நீக்கிவிட்டுப் பரிசோதகரிடமே விட்டுவிடலாமா என்று கேட்கலாம். நான் அதை ஆதரிக்க மாட்டேன். இன்சுலின் போடுபவரின் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா என்பதை இரத்தப் பரிசோதனை காட்டிவிடும்; முட்டியால் கிளட்சை அளக்கும் திறமை எந்த மருத்துவமனை அறையிலும் தெரியாது. அந்த ஓட்டுநரைக் காப்பாற்றியது ஓட்டுத் தேர்வுதான். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்ற நிபந்தனை மட்டும் பலருக்கு எரிச்சலூட்டுகிறது. போன கால் முளைக்கப் போவதில்லையே, எதற்கு மறுபடியும் காகிதம் என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். போன கால் மாறாது, உண்மை. ஆனால் மிச்சக் காலின் தசை சுருங்குகிறது, செயற்கைக் காலின் குழிப்பகுதி தளர்கிறது, மூட்டு தேய்கிறது. ஆகவே புதுப்பித்தலில் ஓடிய மைல்கள், நேர்ந்த விபத்துகள், உறுப்பின் நிலையில் ஏற்பட்ட மாற்றம் ஆகியவற்றைக் கேட்பது நியாயம்தான்.

தங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு, விரலையோ பாதத்தையோ விபத்தில் இழந்த யாராவது ஒருவர் விண்ணப்பத்தை மடித்து வைத்திருக்கக்கூடும். அதனால் திருத்தத்தைக் கட்டுரை வெளிவந்த அதே பக்கத்தில், எஸ்பிஇ என்ற பெயரையும் 391.49 என்ற விதி எண்ணையும் குறிப்பிட்டு வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். விண்ணப்ப முறை முழுவதும் அந்த எண்ணின் கீழ்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓட்டுநர் கோப்புப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற வாசகர் ஒருவர்