மருந்து உறையை யார் வாசிப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த வாரம் தங்கள் சுகாதாரப் பக்கத்தில் மருந்துப் பாவனை பற்றி வெளிவந்த கட்டுரையை மனைவிக்கும் மச்சாளுக்கும் உரக்க வாசித்துக் காட்டினேன். நோயாளிகள் மருந்தை ஒழுங்காக எடுக்காமைக்கு அவர்களது அலட்சியமே முதற்காரணம் என்ற வரி வந்ததும் மச்சாள் எழுந்து குசினிக்குப் போய்விட்டார். கட்டுரையாளர் படித்தவர், நல்லெண்ணத்தில்தான் எழுதியிருப்பார். ஆனால் அவர் எங்கள் பக்கத்துக் கிளினிக் வரிசையில் ஒருநாளாவது நின்றிருந்தால் அந்த வரியை அவரே அடித்திருப்பார்.

மச்சாளுக்கு எழுபது கடந்துவிட்டது. பிரஷரும் சீனி வருத்தமும் உண்டு. மாதாமாதம் கிளினிக்கில் கிடைக்கும் குளிசைகள் சின்னஞ்சிறு காகித உறைகளில் வரும். உறையின்மேல் நீலப் பேனையால் ஒரு கிறுக்கல் இருக்கும். அது மருந்தின் பெயரா, அளவா, நேரமா என்பதை எழுதியவரே வந்து சொன்னால்தான் உண்டு. படுவான்கரை வெயிலில் பஸ்ஸுக்குக் காத்திருந்து வீடு வந்து சேர்வதற்குள் கைவியர்வையில் அந்த மையும் பரவிவிடும்.

இடையில் தலையிடி என்று மகன் அவரைத் தனியார் டாக்டர் ஒருவரிடம் கூட்டிச் சென்றார். கொண்டுபோன கிளினிக் கொப்பி பைக்குள்ளேயே இருந்தது. யாரும் கேட்கவில்லை. பிரஷர் ஏறியிருப்பதாகச் சொல்லி டாக்டர் ஒரு சிட்டை எழுதினார். மருந்துக்கடைப் பையன் குளிசை அட்டையைக் கத்தரிக்கோலால் அளந்து வெட்டிக் கொடுத்தான். காலாவதித் திகதி மற்றப் பாதியோடு கடையிலேயே தங்கிவிட்டது. மச்சாள் கிளினிக் குளிசையையும் கடைக் குளிசையையும் நேரம் தவறாமல் விழுங்கினார். சில நாள் கழித்து விடியற்காலையில் கிணற்றடியில் தலைசுற்றி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். பேத்திதான் குளிசைகள் போட்டுவைத்த பிஸ்கட் டின்னைப் பாயில் கொட்டி, வெட்டிய அட்டையின் ஓரத்தில் மிஞ்சியிருந்த பொடி எழுத்துகளைக் கைத்தொலைபேசி வெளிச்சத்தில் எழுத்துக்கூட்டிப் பார்த்தாள். லொசார்டன். கிளினிக் கொப்பியில் பிரஷருக்கு எழுதியிருந்ததும் லொசார்டன். ஒன்று மருந்தின் சொந்தப் பெயரான பொதுப்பெயரிலும் மற்றது கம்பனிப் பெயரிலும் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

சொன்னதைச் சொன்னபடி செய்தவரைத்தான் தங்கள் கட்டுரை அலட்சியக்காரர் என்கிறது. முறிந்த கை நோகிறது என்று போனபோது அதே கடையில் சிட்டை எதுவும் கேட்காமல் டைக்குளோபினாக்கைத் தூக்கிக் கொடுத்தார்கள். லொசார்டன் எடுக்கும் வயதான நீரிழிவுக்காரரின் சிறுநீரகத்துக்கு அந்த நோவுக் குளிசை ஆகாது என்று சொல்வதற்குக் கடையில் மருந்தாளர் இருக்கவில்லை. சுவரில் அவருடைய சான்றிதழ் மட்டும் கண்ணாடிச் சட்டத்துக்குள் நன்றாகவே இருந்தது.

நான் தபாலதிபராக இருந்து ஓய்வுபெற்றவன். விலாசம் விளங்காத கடிதத்தை அனுப்பியவருக்கே திருப்பிவிடுவது எங்கள் வழக்கம். விளங்காத மருந்து உறையை மட்டும் திருப்பி அனுப்ப வழியில்லை. சிட்டையில் மருந்தின் பொதுப்பெயரை விளங்கும்படி எழுத வேண்டும் என்று 2015 ஆம் ஆண்டின் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டம் சொல்வதைத் தாங்கள் அறியாதவர் அல்லர். அதைப் பற்றித் தங்கள் கட்டுரை ஏன் மூச்சு விடவில்லை? பொதுப்பெயரின் பெறுமதியை இந்த நாட்டுக்குக் கற்பித்த பேராசிரியர் சேனக பிபிலே 1977 இலேயே காலமாகிவிட்டார். அவர் முன்னின்று 1971 இல் தொடங்கிய அரச மருந்துக் கூட்டுத்தாபனம் இன்றும் இருக்கிறது. மருந்துச் சிட்டையில் மட்டும் கம்பனிப் பெயர்களே கொடிகட்டிப் பறக்கின்றன.

மருந்தாளரிடம் விளக்கம் கேளுங்கள் என்று ஒரு ஆலோசனையும் கட்டுரையில் இருந்தது. மிக்க நன்றி. விடியுமுன் வந்து இலக்கம் எடுத்து, மத்தியானம் தாண்டி மருந்து யன்னலை அடையும் ஒரு கிழவி, பின்னால் நிற்பவர்கள் முதுகில் இடிக்க, கம்பித் துவாரத்துக்குள் தலையை நுழைத்து என்ன விளக்கம் கேட்பார்? உள்ளே இருப்பவரையும் நான் முழுதாகக் குறை சொல்லமாட்டேன். அவருக்கும் இரண்டு கைதான். ஆனால் என் மனைவிக்குத் தைரொயிட் குளிசையான தைரொக்சினும் சீனிக் குளிசையான மெட்போர்மினும் தருகிறார்கள். முதலாவதை வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு அரைமணி நேரமாவது முன்பு எடுக்க வேண்டும். இரண்டாவதைச் சாப்பாட்டோடு எடுக்க வேண்டும். இரண்டு உறையிலும் எழுதியிருப்பது காலை ஒன்று என்பதே. பெட்டியோடு வாங்கினால் உள்ளே மடித்து வைத்த தாள் ஆங்கிலத்தில் இருக்கும். நான் தட்டுத்தடுமாறி வாசித்துவிடுவேன். கரடியனாற்றில் தனியே இருக்கும் ஒரு விதவைத் தாய் அதை யாரிடம் கொண்டுபோவார்?

ஏழு அறை கொண்ட மருந்துப் பெட்டி வாங்கச் சொன்னதைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. 2022 பொருளாதார நெருக்கடியில் கிளினிக்கில் மருந்தே இல்லாமல், வெளியில் வாங்கச் சொல்லிச் சிட்டையை மட்டும் கையில் கொடுத்தபோது, கிடைத்த குளிசையைப் பாதியாக உடைத்து நாள் கடத்தியவர்கள் நாங்கள். அதற்கும் அலட்சியம் என்றுதான் பெயர் வைப்பீர்களோ தெரியாது. மண்முனைத்துறையில் பாதை என்ற மிதவைப் படகில் ஏறி ஆற்றைக் கடந்து மருந்தெடுக்க வந்த காலத்திலும் இதே உறைதான். 2014 இல் பாலம் திறந்த பிறகும் இதே உறைதான்.

சட்டத்தை அமுல்படுத்துங்கள் என்று தங்களிடம் கேட்டுப் பயனில்லை என்பது தெரியும். ஆகவே சிறியதொரு வேண்டுகோள். அடுத்த சுகாதாரப் பக்கத்தில் ஒரு வெற்று அட்டவணையை அச்சிடுங்கள். மருந்தின் பொதுப்பெயர், அளவு, காலை, பகல், இரவு, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, எந்த வருத்தத்துக்கு என்ற கட்டங்கள் போதும். வெட்டிக் கிளினிக் கொப்பியில் ஒட்டிக்கொள்கிறோம். எழுதத் தெரிந்த பேரப்பிள்ளைகள் நிரப்பித் தருவார்கள். எந்த டாக்டரிடம் போனாலும் அந்தப் பக்கத்தை விரித்து மேசையில் வைத்துவிடலாம். எழுத்து பெரிதாக இருக்கட்டும். அட்டவணையின் பின்பக்கத்தில், நீரிழிவை ஒரே மாதத்தில் அடியோடு ஒழிக்கும் சூரணத்தின் விளம்பரத்தைத் தயவுசெய்து போட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபாலதிபர்,
படுவான்கரை, மட்டக்களப்பு.